பிணவறை வாசலில் ஒரு ஐந்து ரூபாய்

நம் நாணயச் சங்கத்தின் போன மாதக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, "வெரைட்டிக்கும் எரருக்கும் என்ன வித்தியாசம் ஐயா, ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டேன். கிழவனுக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பீர்கள். காது நன்றாகவே கேட்கிறது. ஒரே வரியில் பதில் சொல்லி ஒருமுறை மாட்டிக்கொண்டவன் நான். அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன். காசு வாங்கி விற்கிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் பொறுமையாகப் படியுங்கள். நடுவில் போனைப் பார்க்காதீர்கள்.

முதலில் பாடத்தை முடித்துவிடுவோம். காசு அடிக்க அச்சு வேண்டும். அந்த அச்சிலேயே ஒரு வேறுபாடு இருந்தால், அதில் அடித்த எல்லாக் காசிலும் அது வரும். ஒரு எழுத்து கொஞ்சம் தடிமனாக இருக்கலாம், சிங்கத்தின் பிடரி வேறு மாதிரி இருக்கலாம், எண்ணின் வால் நீண்டிருக்கலாம். அது வெரைட்டி. அச்சு சரியாக இருந்து, அடிக்கிற அந்த ஒரு நொடியில் ஏதாவது கோளாறு நடந்தால் அது எரர். அடிக்க வைத்த தகடு நகர்ந்து பாதிப் படம் வெளியே போயிருக்கும், அல்லது ஒரே காசு இரண்டு அடி வாங்கியிருக்கும். அது அந்த ஒரு காசின் தலையெழுத்து. பக்கத்துக் காசுக்கு அதில் பங்கில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு காசு பட்ட காயம். அதற்கு நம் தொழிலில் மதிப்பே இல்லை, ஆனால் ஏமாறுகிறவர்கள் அதிகம். நம் சங்கத்தின் இன்றைய பொருளாளர் வாலிபராக இருந்தபோது, ஒரு ரூபாய் ஒன்றைப் பஞ்சில் சுற்றி எடுத்து வந்தார். அப்பளம் போல அகலமாக, மெலிசாக இருந்தது. "தகடு மாறின எரர் பாய், உலகத்திலேயே ஒண்ணுதான் இருக்கும்" என்றார். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒருவரிடம் என்றார். "தம்பி, இதை அடிச்சது நாணயச்சாலை இல்ல, கும்மிடிப்பூண்டி லோக்கல்" என்றேன். தண்டவாளத்தில் காசு வைத்து ரயில் ஏறிய பிறகு பொறுக்குவது அந்தப் பக்கத்தில் எல்லோரும் விளையாடுகிற விளையாட்டு. பாவம், மூன்று மாதம் என் கடைப்பக்கம் வரவில்லை.

எங்கள் பழவேற்காட்டு ஏரியில் கிடைக்கிற டச்சுக்காரர் காலத்துச் செப்புக்காசும் அப்படித்தான். உப்புத் தண்ணீர் ஓர் எழுத்தைத் தின்றிருக்கும். எழுத்தே இல்லாத அபூர்வ வெரைட்டி என்று யாராவது வீடியோ போடுவார்கள். போடட்டும்.

இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்தால் போதும் என்று நானும் நாற்பது வருடம் நினைத்திருந்தேன். நடுவில் ஒரு சங்கடம் இருக்கிறது. அடித்து அடித்து அச்சு களைத்துப் போகும். எங்காவது ஒரு பொட்டு பெயர்ந்துவிடும். பெயர்ந்த பள்ளத்தில் உலோகம் போய் நிரம்பும், காசில் அந்த இடம் மேடாகத் தெரியும். பார்க்க விபத்து போலவே இருக்கும். ஆனால் விபத்து நடந்தது அச்சுக்கு. அந்த அச்சைக் கழற்றி எறியும் வரை அடிக்கிற ஒவ்வொரு காசும் அதே மேட்டோடுதான் வரும். இதை வெரைட்டி என்பார் சிலர், எரர் என்பார் சிலர். இந்தச் சண்டையில் நம் சங்கத்தில் இரண்டு பேர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அவர்கள் சண்டை அவர்களோடு. நான் சொல்ல வந்தது ஒரு பிணத்தைப் பற்றி.

நான் பழவேற்காட்டுக்காரன். பாரிமுனையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தேன், வீடு மட்டும் கடைசிவரை ஊரில்தான். மணலில் கிடைத்தது, வலையில் வந்தது என்று குப்பங்களில் யாருக்கு என்ன காசு கிடைத்தாலும் என்னிடம் கொண்டு வருவார்கள். 'காசு பாய்' என்றால் சின்னக் குழந்தைகூட என் வீட்டைக் காட்டும். எனக்கு அதில் பெருமை உண்டு. எந்தக் காசைக் கையில் வாங்கினாலும் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அதுதான் என் திறமை என்று நினைத்திருந்தேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, முதல் முறை படகு இறக்குவதற்கு முன்னால் அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அன்றைக்கு ஒவ்வொரு மனைவியும் வலைநூலால் சின்னதாக ஒரு பை பின்னி, அதற்குள் ஒரு காசை வைத்து முடிந்து, கணவனின் அரைஞாண் கயிற்றில் கட்டிவிடுவாள். அடுத்த தடைக்காலம் வரை அதை அவிழ்க்கக் கூடாது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் இடுப்பிலேயே இருக்கும். இது எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கிற காசில் ஒன்றை எடுத்துக் கட்டுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். யாரையும் கேட்டதில்லை.

அந்த வருடம் படகு இறக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தேசப்பன், சேகர் என்று இரண்டு பேர் ஒரு ஃபைபர் படகில் போனார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். தேசப்பனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சேகர் அவரைவிடச் சின்னவன். இரண்டு பேரும் பங்காளிகள் அல்ல, சொந்தமும் இல்லை. ஒரே படகில் போய் வந்தவர்கள், அவ்வளவுதான். மறுநாள் முகத்துவாரத்துக்கு வடக்கே படகு மட்டும் கவிழ்ந்து கிடைத்தது.

குப்பத்தில் யாரும் மீன் பிடிக்கப் போகவில்லை. இருந்த படகெல்லாம் தேடப் போயின. அங்கே ஊர்த்தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் ஆந்திரப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினார். ஒன்பதாம் நாள் வடக்கே ஒரு கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. ஒன்றுதான். பார்த்து அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை. இரண்டு ஆண்களும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே உடல்வாகு. உடம்பில் துணி இல்லை. அரைஞாண் கயிறும் அதில் இருந்த காசுப் பையும் மட்டும் மிச்சம்.

அன்று காலை பத்து மணி இருக்கும். நாட்டார் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ அனுப்பியிருந்தார். பிணவறை வாசலில் குப்பமே நின்றிருந்தது. ஒரு பக்கம் சேகரின் மனைவி ரேவதி. முப்பது வயது இருக்கலாம், இடுப்பில் பெண் குழந்தை. அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரில் சாய்ந்தபடி தேசப்பனின் மனைவி அஞ்சலை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. உள்ளே இருப்பது யார் புருஷன் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. எப்படிப் பார்ப்பார்கள்?

நாட்டார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், ஒம்போது நாளா குப்பத்துல அடுப்பு எரியல. இதுங்க ரெண்டும் பச்சத் தண்ணி குடிக்கல. சந்தேகம்னா டெஸ்ட்டுக்கு அனுப்பணும், மாசக்கணக்குல ஆவும், அதுவரைக்கும் பாடி இங்கியே கெடக்கட்டும்னு சொல்றாங்க. சொந்தக்காரங்க இன்னாருன்னு உறுதியா சொல்லி கையெழுத்து போட்டா இன்னிக்கே குடுத்துடுவாங்க. பை பின்னினது பாத்து சொல்ல முடியல. எல்லா வூட்லயும் ஒரே நூலு, ஒரே முடிச்சு. காசப் பாத்து நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்."

காவலர் ஒருவர் பிளாஸ்டிக் உறையில் அந்தக் காசைக் கொண்டுவந்தார். அவர் அதைக் காட்டுவதற்கு முன்னால் நான் இரண்டு பெண்களையும் கேட்டேன். அதுவரையில் நான் சரியாகத்தான் செய்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"நீ கட்டின காசு எப்படிம்மா இருந்துச்சு?"

ரேவதி உடனே சொன்னாள். "அஞ்சு ரூபா பாய். புதுக்காசு, பளபளன்னு இருந்துச்சு. சிங்கத்துக்குக் காலாண்ட ஒரு குருண ஒட்டினு இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சி நகத்தால சொரண்டினேன். போவல."

"நீங்க கட்டினது?" என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"அதுவும் அஞ்சு ரூபாதான். நான் ஒண்ணும் பாக்கல பாய். கட்டினேன், அவ்ளோதான்."

உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். காசு கறுத்திருந்தது. லென்சை வைத்துப் பார்த்தேன். சிங்கத்தின் காலடியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு மேடு. நகத்தால் நிரடினால் தட்டுப்பட்டது. ரேவதி சொன்னது சொன்னபடி இருந்தது.

இங்கே நிறுத்திக்கொண்டு, நான் என்ன யோசித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த மேடு அச்சு பெயர்ந்ததால் வந்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அப்படியானால் அதே போல வேறு காசுகளும் உண்டு, அதுவும் தெரியும். ஆனால் நான் கடைக்காரனாக யோசித்தேன். அடித்த காசு மூட்டை மூட்டையாக நாடு முழுக்கப் போகிறது. நாற்பது வருடத்தில் இப்படி ஒரு மேட்டை இதே இடத்தில் நான் பார்த்ததில்லை. நான் பார்க்காத ஒரு காசு, ஒரே குப்பத்தில், ஒரே படகில் போன இரண்டு பேர் இடுப்பில் இருக்குமா? இருக்காது என்று முடிவு கட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் குழந்தை பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தது.

"இது மெஷின்ல தப்பா வந்த காசு" என்றேன். "இந்த மாதிரி இன்னொண்ணு இந்தப் பக்கம் இருக்காது."

"அப்போ இது சேகர்தானா பாய்?" என்றார் நாட்டார்.

"ஆமா."

ரேவதி கத்தவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். ஏதோ நல்லது செய்தவனைக் கும்பிடுவது போலக் கும்பிட்டாள். எனக்கு உடம்பு கூசியது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் நிறைவாகவும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். படித்த தொழில் ஒரு குடும்பத்துக்கு உதவியதே என்று நினைத்தேன். அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஆஸ்பத்திரியில் விதிப்படி சின்ன எலும்பு ஒன்றை மாதிரிக்காக எடுத்து வைத்துக்கொண்டு உடலைக் கொடுத்தார்கள். மாலைக்குள் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிற இடுகாட்டில் புதைத்தார்கள். நானும் போய் மண் போட்டுவிட்டு வந்தேன். பதினாறாம் நாள் ரேவதியின் தாலியை எடுத்தார்கள்.

அஞ்சலை தாலியை எடுக்கவில்லை. குங்குமம் வைத்தாள், பூ வைத்தாள். காணாமல் போனவர் இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தால் அரசாங்க உதவிக்கு வழி செய்யலாம் என்று நாட்டார் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார், கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். ஆரம்பாக்கம் பக்கத்தில் யாரோ ஒருவர் பேச்சு வராமல் சுற்றுகிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனாள். ஆந்திரப் பக்கத்து ஊர் ஒன்றில் யாரையோ படகுக்காரர்கள் காப்பாற்றினார்கள் என்று சொன்னதைக் கேட்டு அங்கேயும் போனாள். போனில் புருஷன் படத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினாள். ஊரில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உடல் கிடைக்காதவள் தேடத்தான் செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கைந்து மாதம் போயிருக்கும். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன். மீதியாகக் கைக்கு வந்த ஐந்து ரூபாயைப் பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தேன். சிங்கத்தின் காலடியில் ஒரு குருணை.

டீக்கடைக்காரர், "இன்னா பாய், செல்லாத காசா? வேற குடுக்கறேன்" என்றார். காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நேராகக் குப்பத்துக்குப் போய் நாட்டாரைக் கேட்டேன். "பொங்கலன்னிக்கு இடுப்புல கட்டற காசு எங்கேருந்து வருது?"

"இன்னா பாய், தெரியாத மாதிரி கேக்கற? ஊர்ப் பணத்துல பேங்க்லருந்து புதுசா ஒரு பை வாங்கியாந்து, அம்மன் காலாண்ட வெச்சி, வூட்டுக்கு ஒண்ணு நான்தான் குடுப்பேன். பழங்காசு ஆவாது. மிச்சம் கோயில் பொட்டில கீது."

பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பையில் பாதிக்கு மேல் செலவாகிவிட்டிருந்தது. மிச்சத்தை ஒரு துண்டில் கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். குருணை. அடுத்ததிலும் குருணை. அதற்கடுத்ததிலும். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே மேடு. நாடு முழுக்கச் சிதறிப் போவதற்கு முன்னால் காசு ஒரே பையில்தான் கிடக்கும், ஒரே அச்சில் அடுத்தடுத்து அடித்தவை அடுத்தடுத்தே கிடக்கும். இது நீங்கள்கூடச் சொல்லிவிடுவீர்கள். அந்த வருடம் லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலுக்குப் போன ஆண்களில் பெரும்பாலானவர்கள் இடுப்பில் அந்தக் குருணை இருந்திருக்கிறது.

ரேவதி என்னிடம் அன்றே 'புதுக்காசு, பளபளன்னு இருந்துச்சு' என்று சொல்லியிருந்தாள். கறுத்த காசைக் கையில் வைத்துக்கொண்டு, நான் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் வேறென்ன சொல்ல முடியும்? புதுக்காசு எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நாட்டார் ஒரு வரியில் சொல்லியிருப்பார். குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால்தான் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. தெரியாதவன் நான் ஒருவன்தான், நானோ தெரிந்தவனாக அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காசைப் பார்க்கும் முன் அது வந்த வழியைக் கேளுங்கள். 'நான் பார்த்ததில்லை' என்பதும் 'வேறு இல்லை' என்பதும் ஒன்றல்ல. சந்தையில் அபூர்வமாக இருப்பது ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு இருக்கலாம். நாம் 'ஒன்றே ஒன்று' என்று சொல்வது பெரும்பாலும் விலைக்காக. தவறினால் வாங்கினவன் நம்மைத் திட்டுவான், பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஆளை அனுப்பிவிடலாம். நான் சொன்னதைத் திருப்பி வாங்க எந்தக் கடையிலும் வழியில்லை.

அன்று நாட்டாரிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாள் வெளியே போகவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். சொல்லி யாருக்கு என்ன லாபம், முடிந்தது முடிந்ததுதானே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். ஊரில் இருந்த பேர் போய்விடும் என்ற பயம்தான் முதலில் வந்தது. அந்தப் பெண்களைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான் வந்தது. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் காலை ரேவதியைப் பார்க்கப் போனேன். இறால் கம்பெனி வேனுக்காகச் சாலையோரம் நின்றிருந்தாள். வெறும் நெற்றி. கையில் சாப்பாட்டுத் தூக்கு. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்போ அது தேசப்பன் மாமாவா இருக்கலாமா பாய்?"

"இருக்கலாம். சேகராவும் இருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்கும் எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். எலும்பு எடுத்து வெச்சிருக்காங்க. உன் பொண்ணோட ரத்தத்தைக் குடுத்து டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடும். செலவும் அலைச்சலும் என்னோடது."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் அழுது முடிச்சிட்டேன் பாய்" என்றாள். "பூவ எடுத்துட்டேன். தாலிய எடுத்துட்டேன். நைனா சாமிகிட்ட போயிட்டாருன்னு புள்ளகிட்ட சொல்லிட்டேன். ஒரு மாசம் அது தூங்கல. இப்போதான் கேக்காம இருக்குது. இப்போ அது நைனா இல்ல, வேற யாரோன்னு பேப்பர் வந்தா, நான் இன்னா பண்ணட்டும்? திரும்ப மொதல்லருந்து காத்துனு இருக்கணுமா?"

தூரத்தில் வேன் வருவது தெரிந்தது.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. இனிமேதான்."

"சொல்லுங்க. அதுக்குத் தெரியணும். அது வேணும்னா டெஸ்ட்டு பண்ணட்டும், நான் குறுக்க நிக்கல. புள்ளய வேணும்னாலும் கூட்டினு வரேன். எனக்கா வேணாம்." தூக்கை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு வேனில் ஏறினாள். உட்கார்ந்த பிறகு என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கிருந்து லைட்ஹவுஸ் பக்கம் நடந்தேன். அஞ்சலை கடற்கரையில் வலை விரித்துக் கருவாடு காயப் போட்டிருந்தாள். குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் கனகாம்பரம். வெயில் ஏறியிருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் பையைச் சொன்னேன், அவள் புருஷன் இடுப்பிலும் அதே காசு இருந்திருக்கலாம் என்று சொன்னேன். அந்த மண்ணுக்குள் இருப்பது தேசப்பனாக இருக்கலாம் என்றும் சொன்னேன்.

அவள் நிமிரவில்லை. கை மட்டும் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள்.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. அவ குருணன்னு சொன்னா பாரு, அப்பவே. நான் கட்டினதுலயும் இருந்துச்சு. நானும் சொரண்டிதான் பாத்தேன். பாக்கலன்னு உன்னாண்ட பொய் சொன்னேன்."

"ஏன்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப? தெரியலன்னு சொல்லியிருப்ப. அவளுக்கும் இல்ல, எனக்கும் இல்லன்னு ஐஸ் பொட்டியில கெடந்திருக்கும். நீ சேகருன்னு சொன்ன. அந்தப் பொண்ணு தரையில உக்காந்துச்சு. எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா பாய்? அப்பாடான்னு இருந்துச்சு." முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்குதான் மூஞ்ச மூடிக்கினேன்."

நான் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு, டெஸ்ட்டைப் பற்றிக் கேட்டேன். ரேவதி சம்மதிக்கிறாள் என்றும் சொன்னேன்.

"வேணாம்" என்றாள். "அவ சின்னப் பொண்ணு. அவளுக்கு அது அங்கியே இருக்கட்டும். எனக்கு அவரு எங்கியோ இருக்கட்டும். நீ இதப் போயி தோண்டாத."

"நிஜமாவே அவரு எங்கியோ இருக்காருன்னு நெனக்கறீங்களா?" இதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

அவள் திரும்பக் குனிந்து ஒரு வரிசையை முடித்தாள். அடுத்த வரிசைக்குப் போகும்போதுதான் பேசினாள்.

"மூட்டையா கட்டி எடுத்தாந்தாங்களே, அன்னிக்கு அவ வூட்டு வாசல்ல பொம்பளைங்க எல்லாம் வாய்க்கரிசி போட்டோம். வாயி எங்க இருக்குதுன்னு தெரியல, துணி மேலதான் போட்டோம். எல்லாரும் ஒரு தபா போட்டாங்க."

கையில் இருந்த மீனை வலையில் வைத்தாள்.

"நான் ரெண்டு தபா போட்டேன் பாய். ஒண்ணு சேகருக்கு."